முந்தி விழுந்த அடி

"பாட்டு திருடு போனா போலீஸ்ல எழுதிக்குவாங்களா, தலைவரே? காணாமப் போன பொருளோட அங்க அடையாளம் கேட்டா இன்னா சொல்றது, தந்தனானேன்னா?"

பகலவன் தரையில் மல்லாந்து படுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். உட்கார்ந்து கேட்டால் காது பாதி வேலைதான் செய்யும் என்பது அவருடைய கொள்கை. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நல்ல பெயரை வேறு யாரும் வைத்ததில்லை என்பது உதவியாளர் பெனிஷாவின் கருத்து. கல்மண்டபத்தில் 'பகலவன் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. அங்கே மூளை அவர். ஸ்கூட்டரும் வாயும் இவள்.

இப்போது இருவரும் இருந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில், சாவியோ வீட்டு மாடி அறையில். சாவியோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்தால் கிட்டார். சத்தத்தைத் தடுக்க அறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தான். ஒட்டி என்ன பிரயோஜனம்? துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கிற கன்டெய்னர் லாரிகள் அடிக்கிற ஹாரனில், அட்டையில் முட்டை இருந்திருந்தால் குஞ்சே வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கும். அதனால் இந்த வீட்டில் மைக் என்ற பேச்சே கிடையாது. கிட்டார் ஒயர் வழியாக நேரே கம்ப்யூட்டருக்குப் போகும். டிரம்ஸும் எலெக்ட்ரானிக். ரப்பர் தட்டில் அடித்தால் வெளியே 'தொப்' என்று மட்டும் கேட்கும். முழுச் சத்தமும் ஹெட்போனுக்குள்தான்.

சாவியோ சொன்ன கதை இதுதான். அவன் ஒரு மெட்டுப் போட்டான். கிட்டார் அவன், டிரம்ஸ் அவனுடைய பால்ய சிநேகிதன் ஜார்ஜ். இதே அறையில் பதிவு செய்து, வடபழனியில் வெப் சீரிஸ் எடுக்கிற ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் எண்ணூர்ப் பையன்கள் சிலர், 'உப்புக்காத்து' என்ற பெயரில், அதே மெட்டை வேறு வரிகளோடு நெட்டில் போட்டுவிட்டார்கள். கம்பெனி அந்தப் பாட்டையே சீரிஸின் டைட்டில் பாட்டாக எடுத்துக்கொண்டது. சாவியோ போய்ச் சத்தம் போட்டான். முடிந்த பாட்டை யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம், மெட்டு பிறந்த அன்றைய பச்சை ரெக்கார்டிங்கை நாளை மதியத்துக்குள் காட்டினால் எண்ணூர்ப் பாட்டை நிறுத்துகிறோம் என்றார்கள். அந்தப் பச்சை ரெக்கார்டிங்தான் சாவியோவிடம் இல்லை. கம்ப்யூட்டரில் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டானாம்.

திருடன் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சில மாதத்துக்கு முன் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது திருவொற்றியூரில் கமாலுதீன் என்பவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தான். அவர்தான் உள்ளே இருந்த பாட்டை எண்ணூருக்குத் தள்ளிவிட்டார் என்று முடிவு கட்டி, கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைத் திருடன் என்று கத்திவிட்டும் வந்திருக்கிறான்.

"இந்த ஒரு பாட்டுதாண்ணே நான் போட்டது. இதுவும் போச்சுன்னா நான் வெறும் கிரேன்காரன்" என்றான். நம்பின இடத்தில் அடி வாங்கியவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜார்ஜ் வந்தான். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை, ஆறடிக்கு மேல் உயரம். டிரம்ஸ் ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்த பெனிஷாவை எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்தான். முழங்கால் முகவாய்க்கு வந்தது. அலுத்துக்கொண்டே இறங்கி ஸ்டூலைத் திருகி உயர்த்தினான்.

"வாரா வாரம் இதே ரோதனை. நான் ஏத்தி வச்சிட்டுப் போறேன், எந்தப் பேய் எறக்கி வைக்குதுன்னே தெரில."

ஸ்க்ரூ லூஸாக இருக்கிறது என்றான் சாவியோ. யாருக்கு என்று பெனிஷா கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

பகலவன் எழுந்து உட்கார்ந்தார். ஜார்ஜை அடிக்கச் சொன்னார். ஜார்ஜ் தன் ஹெட்போனை எடுத்து, டிரம்ஸோடு வந்த சின்னப் பெட்டியிலேயே நேராகச் செருகினான். கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு ஹெட்போன் தொங்குகிறதே, அதை ஏன் மாட்டவில்லை என்று பகலவன் கேட்டார்.

"அதுல மாட்டுனா லேட்டன்சி சார். அடி கம்ப்யூட்டருக்குள்ள போயி, சுத்தினு காதுக்கு வரும். நான் இப்ப அடிப்பேன், சத்தம் அப்புறமா வரும். அந்த பேஜாரு நமக்கு வாணாம்னு மொத நாள்லேர்ந்தே இதுலதான்."

பெனிஷா அந்த ஹெட்போனை மாட்டி ஒரு தட்டில் அடித்துப் பார்த்தாள். குச்சி தட்டில் பட்டு, ஒரு இமை நேரம் சும்மா போய், அதற்கப்புறம் சத்தம் வந்தது. கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். அந்த ஹெட்போனின் பஞ்சு இரண்டு பக்கமும் உரிந்து தொங்கியது. நன்றாக உழைத்த ஹெட்போன்.

சாவியோ விளக்கினான். கிட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுவில் இருக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால், வாசிப்பது கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். டிரம்ஸுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு அளவைக் குறைத்தால் தாமதம் போய்விடும், ஆனால் பழைய மெஷின், கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல் வரும். அதனால், தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் குறைத்துக்கொள்வான், வேலை முடிந்ததும் பழையபடி ஏற்றி வைத்துவிடுவான்.

"உன் பாட்டுல கிட்டார், டிரம்ஸைவிட ஒரு மயிரிழை முந்தி வருதேப்பா. பாட்டு முழுக்க" என்றார் பகலவன்.

சாவியோ சட்டென்று நிமிர்ந்தான். "அது… அதான் சொன்னேனே, லேட்டன்சி" என்றான்.

கீழேயிருந்து அவன் மனைவி கரோலின் படியேறி வந்தாள். பெனிஷா உயரம்தான் இருப்பாள். பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், மதியத்தோடு வேலை முடிந்துவிடும். சங்கரா மீன் குழம்பு வைத்திருக்கிறேன், எல்லோரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உபசரித்தாள். பாட்டைப் பற்றிப் பகலவன் அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்று சாவியோ முந்திக்கொண்டான். கரோலின் மறுக்கவில்லை. குழம்பு ஆறிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

குழம்பு பிரமாதம். பெனிஷா மூன்றாவது முறை சோறு வாங்கினாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பகலவன் திடீரென்று பெனிஷாவின் தோளைத் தட்டினார். மெஷின் என்ன செய்யும் என்று கேட்டார். லேட் பண்ணும், எங்க வூட்டுக்காரர் மாதிரி என்றாள் அவள்.

"ஆமா. மெஷினுக்குத் தாமதம் பண்ணத்தான் தெரியும். முந்திக்கத் தெரியாது. முந்திக்கிறது மனுசப் பழக்கம். ஜார்ஜ் அடி தாளத்துல சரியாத்தான் விழுது, லேட் ஆகல. சாவியோ கிட்டார் முந்துதுன்னா, அவன் வேற யாரோ முந்தி அடிச்ச டிரம்ஸைக் கேட்டு வாசிச்சிருக்கான். அப்புறம் அந்த டிரம்ஸைத் தூக்கிப் போட்டுட்டு ஜார்ஜை வச்சிருக்கான். கிட்டார மாத்தல, மாட்டிக்கினான்."

"அப்ப கேஸு கொடுத்தவரே பொய் சொல்றாரா? நம்ம ஆபீஸ் வழக்கம் மாறவே மாறாதா தலைவரே?"

கமாலுதீனின் கடை மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. வழக்கமாக நாலைந்து பேர் நிற்கிற கடையாம். இன்று ஒருவரும் இல்லை. நெற்றியில் தழும்பும் மூக்கில் கண்ணாடியுமாக இருந்த அந்த மனிதர், சாவியோ பெயரைக் கேட்டதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மார்க்கெட்டே பார்த்தது, என் மகள் கடையில் உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் சொன்னார்.

பகலவன் கேட்டது ஒரே கேள்வி. ரிப்பேருக்கு வருகிற கம்ப்யூட்டரில் முதலில் என்ன செய்வீர்கள்?

காப்பி எடுப்பேன் என்றார் கமாலுதீன். ஒரு தடவை ஒரு வீட்டுக் கல்யாண போட்டோ மொத்தமும் இவர் கையில் அழிந்துபோய், அந்தப் பெண் கடையில் உட்கார்ந்து அழுதாளாம். அதிலிருந்து எந்த மெஷினானாலும் முதலில் உள்ளே இருப்பதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டுதான் ஸ்க்ரூவையே தொடுவார். வருஷக் கடைசியில்தான் அழிப்பார். சாவியோவுடையதும் இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளர் பொருள், அவர் சொல்லாமல் திறக்க மாட்டேன் என்றார்.

பகலவன் அங்கிருந்தே சாவியோவுக்குப் போன் போட்டார். பச்சை ரெக்கார்டிங் பத்திரமாக இருக்கிறது, திறக்கலாமா என்று கேட்டார். துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் பதறினான். வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம், நானே நாளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

"தொலைஞ்ச மாடு கெடைச்சுதுன்னு சொன்னா, கட்டிப் போடாதீங்கன்றாரு" என்றாள் பெனிஷா.

கமாலுதீன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "திருடன்னு சொல்லிட்டுப் போனாரு. திருடன் பர்மிசன் கேக்குறது நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுத் திறந்தார்.

பாட்டு வந்தது. அதே மெட்டு, அதே கிட்டார். ஆனால் அடியில் ஓடிய டிரம்ஸ் வேறு. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கால் மாதிரி ஒவ்வொரு அடியும் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது, கிட்டாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. சாவியோ கம்பெனிக்குக் கொடுத்த பாட்டில் இல்லாத உயிர் இதில் இருந்தது. பகலவன் அடுத்ததாகப் போனில் எண்ணூர்ப் பாட்டைப் போட்டார். அதிலும் அதே முந்தல். நெட்டில் கேட்டவர்கள் எல்லாம் 'என்ன துள்ளல்' என்று எழுதியிருந்தது இதைப் பற்றித்தான்.

இரண்டும் ஒரே கை. பெனிஷா முதல் முறையாகக் கிண்டல் செய்யாமல் இருந்தாள்.

ஒரு ஆள் இப்படி அடிக்க எங்கே பழகியிருப்பான் என்று பகலவன் கேட்டார். பெனிஷா யோசித்தாள். லேட்டாகச் சத்தம் வருகிற ஹெட்போனில்தான். அதை எங்கே குறைப்பது என்று சொல்லித்தர ஆளில்லாமல், டிரம்ஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி, சத்தம் தாளத்தில் விழ வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் முந்தி அடித்தே பழகிய ஒருத்தர். சாவியோ கிரேனில் இருக்கிற பகல் நேரத்தில். ஜார்ஜ் வராத நாட்களில். ஸ்டூலை இறக்கி வைத்துக்கொள்கிற உயரத்தில்.

"ஸ்டூல்ல நான் உக்காந்தப்ப எனக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சி, தலைவரே" என்றாள் பெனிஷா மெல்ல. "ச்சே. அந்தப் பொம்பள கையால மூணு வாட்டி சோறு வாங்கித் துன்னுட்டேனே."

அவர்கள் திரும்பி வந்தபோது சாயங்காலம். ஜார்ஜ் போய்விட்டிருந்தான். பகலவன் கணவன் மனைவி இருவரையும் மாடிக்கு வரச் சொல்லி, கமாலுதீன் கொடுத்த பென் டிரைவைச் செருகினார். பாட்டு ஓடி முடியும்வரை சாவியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கரோலின் டிரம்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த டிரம்ஸ் யார் என்று பகலவன் சாவியோவைக் கேட்டார். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். கரோலின் சும்மா தட்டினது, அடி முந்துகிறது என்று ஜார்ஜை வைத்துத் திருத்தினேன், இதற்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றான்.

"அந்தக் கிட்டாரை ஏன் மாத்தல?"

"அன்னிக்கி ஓடுன மாதிரி அப்புறம் வெரல் ஓடல."

"அது சரி. இப்ப எண்ணூர்ப் பாட்டை ஒரு வாட்டி காது குடுத்துக் கேளு. இந்தக் கையா இல்லியான்னு சொல்லு."

பகலவன் போனைப் போட்டார். பத்து அடி விழுவதற்குள் சாவியோவின் முகம் மாறிவிட்டது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான்.

"நீயா? எங்கூட சோறு துன்னுகினே, நான் அலையிறதப் பாத்துகினே, எனக்கு டீ போட்டுக் குடுத்துகினே இருந்தியே கரோ. நீயா?"

கரோலின் மறுக்கவில்லை. அழவும் இல்லை. அந்த அடி அவள் கண்டுபிடித்தது, அதன் மேல் அந்த மெட்டை முணுமுணுத்தது அவள்தான் என்று பகலவனைப் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு மழை நாளில் சாவியோ ஷிப்ட் இல்லாமல் வீட்டிலிருந்தபோது வாசித்துக் காட்டினாள். அவன் உடனே கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணமாகி அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை என்றாள். அடுத்த ஞாயிறு ஜார்ஜ் வந்தான், சாவியோ அவளுடைய அடியை எடுத்துவிட்டு அதையே ஜார்ஜை அடிக்க வைத்தான். கம்பெனியில் மெட்டு தன்னுடையது என்றான். கோயிலில் எல்லோரிடமும் தன்னுடையது என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ காதுல மாட்டிக்கினு இருந்த. அப்பால எண்ணூர்ல எங்கூடப் படிச்ச பொண்ணோட தம்பி பேண்டு வச்சிகினு கீறான்னு போய் அடிச்சிட்டு வந்தேன். இந்தப் பாட்டு நெட்டுல வந்த அன்னிக்கி நீதான் எனக்குப் போட்டுக் காட்டுன. என் அடியக் கேட்டதும் தெரிஞ்சிக்குவன்னு நெனச்சேன். மூஞ்சப் பாத்துகினே இருந்தேன். ஒனக்குத் தெரில. எங்கேர்ந்தோ வந்த மனுசன் கண்டுபுடிக்கிறாரு, எங்கூடக் குடும்பம் நடத்துறவனுக்குத் தெரில."

பெனிஷா தன் போனில் எண்ணூர்ப் பாட்டின் அடியில் இருந்த பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பாடினவன், கிட்டார், பேஸ் எல்லாம் இருந்தது. டிரம்ஸுக்கு நேராக 'கம்ப்யூட்டர்' என்று போட்டிருந்தது. அவள் அதைக் கரோலினிடம் காட்டப் போய், வேண்டாம் என்று போனை இறக்கிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் கரோலின். "அவனுங்களும் போடல."

பகலவனுக்குக் கோபம் வந்தது, ஒருவர் மேல் இல்லை, இருவர் மேலும். புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டதில் நடுவில் ஒரு மனிதருக்குத் திருடன் என்று பட்டம் கட்டியாகிவிட்டது, அவருடைய மகள் முன்னால். அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்ததற்கு உனக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கரோலினைக் கேட்டார். அவள் தலை குனிந்தாள்.

அவர் பென் டிரைவைப் பிடுங்கி சாவியோவிடம் நீட்டினார்.

"நீ கேட்ட பச்சை ரெக்கார்டிங். நாளைக்குக் குடுத்தா எண்ணூர்ப் பாட்டு நின்னுடும். இந்த டிரம்ஸ் யாருன்னும் கேப்பாங்க. அதையும் நீ சொல்லணும்."

சாவியோ அதை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாணாம்ணே. அழிச்சிடுங்க. பாட்ட அவனுங்களே வச்சிக்கட்டும்."

பெனிஷாவுக்கு மனசு இளகிவிட்டது. கரோலினும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அன்று முதல் முறையாக ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது.

"எனுக்காகவா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல பொய், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சாவியோவுக்கு அந்த நேரத்தில் அதுகூட வரவில்லை.

"ஜார்ஜுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது? ஹார்பர்ல, கோயில்ல… பொண்டாட்டி போட்ட பாட்டத் தன்னுதுன்னு சொல்லிகினு சுத்துனவன்னு பேசுவானுங்க. பாட்டே இல்லன்னாலும் பரவால்ல."

கீழே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது. கரோலின் பகலவனின் கையிலிருந்து பென் டிரைவை எடுத்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். நிதானமாகத்தான் செய்தாள்.

காலையில் முதலில் திருவொற்றியூர் போய் பாய் கடை வாசலில், மார்க்கெட் பார்க்க மன்னிப்புக் கேட்பேன் என்றாள். அங்கிருந்து வடபழனி. பள்ளிக்கு லீவு சொல்லிவிடுவாளாம்.

அவள் படியில் இறங்கும்போது சாவியோ பின்னாலேயே போனான். நானும் வரட்டுமா என்று கேட்டான். கேட்ட குரலில் கிரேன்காரனும் இல்லை, கிட்டார்க்காரனும் இல்லை.

கரோலின் நின்றாள். திரும்பவில்லை.

"வந்தா வா, வராங்காட்டி போ. கிட்டார் யாருன்னு அங்க கேப்பாங்க. ஒம் பேர நான் சொல்லுவேன்."